ஒரு நாள் கூலியில் ஒரு குடும்பம் ஊர் சுற்றலாம்!

கம்மாபுரம், நெய்வேலி, வடலூர் பக்கம்: வயிறு நிறையும், கையைக் கடிக்காது!

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள்.

"அப்பா! எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள்!"

அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார். அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்ப்பாள். நாலு பேர் கிளம்பினால் பஸ்சுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று இருவர் மனதிலும் கணக்கு ஓடும்.

"அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று அப்பா சொல்லிவிடுவார்.

அடுத்த வாரமும் வரும். அதே பதில்தான்!

கூலி வேலைக்குப் போகிற குடும்பத்தில் இது வாரந்தோறும் நடக்கிற கதை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். இந்த 336 ரூபாயை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு அப்பா, அம்மா, ஒரு மகள், ஒரு மகன் ஆகிய நாலு பேரும் காலையில் கிளம்பி, மூன்று வேளையும் சாப்பிட்டு, நாலு இடம் பார்த்து, இரவு வீடு திரும்ப முடியுமா?

முடியும். கடலூர் மாவட்டத்தில் கம்மாபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு நிச்சயம் முடியும். எப்படி என்று பார்ப்போம்.

கம்மாபுரம் எங்கே இருக்கிறது?

கம்மாபுரம் ஒரு ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். ஒரு பக்கம் விருத்தாசலம். இன்னொரு பக்கம் நெய்வேலி. மற்றொரு பக்கம் சேத்தியாத்தோப்பு. சுற்றிலும் நெல் வயல்களும் கரும்புத் தோட்டங்களும் இருக்கின்றன. அவற்றுக்கு அப்பால் மலை போல மண் மேடு தெரியும்.

அது மலை அல்ல. நெய்வேலி சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்!

வானத்தைத் தொடுகிற ஓட்டல் எதுவும் இங்கே கிடையாது. குளிர் அடிக்கிற பெரிய கடைகளும் இல்லை. டீக்கடை இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் இட்லி சுட்டு விற்கும் ஆச்சிகள் இருக்கிறார்கள். வெயில் காலத்தில் மரத்தடியில் பானையோடு கூழ்க் கடை முளைக்கும். கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ், தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், மாங்காய்க் கீற்று. ஒரு சொம்பு கூழ் குடித்தால் உச்சி வெயில் கூடத் தெரியாது.

அம்மாவுக்கு டிக்கெட் இல்லை

முதல் செலவு பஸ். இதில்தான் பெரிய லாபம்.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. "விடியல் பயணம்" என்று இதற்குப் பெயர். ஆகவே, அம்மாவுக்கும் மகளுக்கும் பணம் தர வேண்டாம். ஐந்து வயது வரை உள்ள பிள்ளைக்கும் டிக்கெட் இல்லை. பையன் ஐந்து வயதைத் தாண்டி, பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவன் என்றால் அரை டிக்கெட். ஆக, முழு டிக்கெட் அப்பாவுக்கு மட்டும்தான்!

கவனம்! எல்லா பஸ்சிலும் இப்படி ஏறிவிடக் கூடாது. எக்ஸ்பிரஸ் பஸ்சிலும் தனியார் பஸ்சிலும் இந்தச் சலுகை கிடையாது. ஏறுவதற்கு முன்பு கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லாவிட்டாலும் டிக்கெட் கொடுப்பார்கள். அதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ரெயிலில் போக ஆசைப்படும் பிள்ளைகளுக்கும் வழி உண்டு. விருத்தாசலத்தில் இருந்து கடலூர் போகிற பாதையில் நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி ஆகிய ஸ்டேஷன்கள் வருகின்றன. சாதாரண பாசஞ்சர் ரெயிலில் குறைந்த கட்டணம் 10 ரூபாய். கொரோனாக் காலத்தில் இதை 30 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில்தான் பழைய 10 ரூபாய் திரும்பி வந்தது. ஆனால், இந்தப் பாதையில் ரெயில்கள் அடிக்கடி இல்லை. நேரம் விசாரித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

போக வர பஸ்சுக்கு 50 ரூபாய் என்று எடுத்து வையுங்கள். மீதி 286 ரூபாய்.

காலைப் பலகாரம்

காலையில் டீக்கடை. பாய்லர் கொதிக்கும் சத்தமும் வடை வேகும் வாசனையும் தூரத்திலேயே வரவேற்கும்.

இட்லி ஒன்று பத்து ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுவோம். ஆளுக்கு மூன்று, மொத்தம் பன்னிரண்டு இட்லி, 120 ரூபாய். திண்ணைக் கடை ஆச்சியிடம் இதைவிடக் குறைவாகவே முடியும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இரண்டு டீ. மொத்தம் 150 ரூபாய்க்குள் காலைப் பலகாரம் முடிந்துவிடும். மீதி 136 ரூபாய்.

செலவு பாதிக்கு மேல் ஆகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குச் செலவே இல்லை. அது எங்கே என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே ஒரு யோசனை. ஓட்டலில் சாப்பிட வேண்டிய நாளில் "அளவுச் சாப்பாடு" இருக்கிறதா என்று கேளுங்கள். முழுச் சாப்பாட்டைவிட விலை குறைவு. சின்னப் பிள்ளைகள் முழுச் சாப்பாடு வாங்கி, பாதியை இலையில் வைத்து எழுந்துவிடும். அதைப் பார்க்கும் தாய்க்கு வயிறு எரியும்! பார்சல் சாப்பாட்டில் பல கடைகளில் சோறு தாராளமாகக் கட்டுவார்கள். ஒரு பார்சலில் இரண்டு பிள்ளைகள் பசியாறலாம்.

கறுப்புத் தங்கம் கிடைத்த கதை

இனி நெய்வேலிக்குப் போவோம்.

இன்று நெய்வேலி டவுன்ஷிப்பில் அகலமான சாலைகள். இரு பக்கமும் நிழல் மரங்கள். வீடுகள் எல்லாம் பிளாக் பிளாக்காக, எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர் பிளாக் எண் தெரியாமல் உறவினர் வீட்டைத் தேடினால் அன்று முழுவதும் தேட வேண்டியதுதான்!

90 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே இவை எதுவும் கிடையாது. செம்மண் பூமி. முந்திரிக் காடு. சில கிராமங்கள். அவ்வளவுதான்.

ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் 1930களில் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதைச் சோதித்துப் பார்க்க ஏற்பாடு செய்தார். அது பழுப்பு நிலக்கரி! அதாவது லிக்னைட். சுரங்கம் வருவதற்காக அவர் 620 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தார் என்பதை இன்றும் ஊரில் பெருமையோடு சொல்கிறார்கள்.

1956ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. 1957 மே 20ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அப்போது முதல்-அமைச்சராக இருந்தவர் காமராஜர். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடும் திட்டத்தை அவர் அரசு தொடங்கியதும் அதே 1956ல்தான்.

1962ல் இந்தக் கரியில் இருந்து மின்சாரம் வந்தது. அந்த முதல் மின்சார நிலையம் 58 ஆண்டுகள் உழைத்துவிட்டு 2020ல் ஓய்வு பெற்றது. அதற்குப் பின் வந்த நிலையங்கள் இப்போது ஓடுகின்றன.

நெய்வேலிக் கரி ஒரு காலத்தில் நம் வீட்டு அடுப்படிக்கே வந்தது. "லெக்கோ" என்று பெயர். பழுப்பு நிலக்கரியைப் பக்குவப்படுத்தி, சின்னக் கட்டிகளாகச் செய்து விற்றார்கள். புகை அதிகம் இல்லாமல் கணகணவென்று எரியும். சென்னையில் எத்தனையோ வீடுகளில் லெக்கோ அடுப்பில்தான் சோறு பொங்கியது. பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். பிறகு காஸ் அடுப்பு வந்தது. லெக்கோ போய்விட்டது.

சுரங்கத்தைப் பார்க்க முடியுமா? பிள்ளைகள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ராட்சத சக்கரத்தில் வாளி வாளியாகக் கட்டிய இயந்திரம் மண்ணை வாரி வாரி எடுப்பதை அருகில் நின்று பார்க்க வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பள்ளிக்கூடங்கள் மூலம் முயற்சி செய்வது நல்லது.

பத்து அடி நடராஜர்

அனுமதி தேவை இல்லாத இடங்கள் நிறைய உண்டு.

16வது பிளாக்கில் நடராஜர் கோவில் இருக்கிறது. இங்குள்ள ஐம்பொன் நடராஜர் சிலையின் உயரம் 10 அடி 1 அங்குலம். எடை 2,420 கிலோ. அண்ணாந்து பார்த்தால் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி நிற்பார்கள். குறை உள்ளவர்கள் மனு எழுதிப் போட்டு, மணி அடித்து முறையிடும் வழக்கமும் இங்கே உண்டு. மனுநீதிச் சோழன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இன்னொன்று, வில்லுடையான்பட்டு முருகன் கோவில். முருகன் கையில் வேல் இருக்கும் என்பது நமக்குத் தெரியும். இங்கே வில்! அதனால்தான் ஊருக்கே அந்தப் பெயர். பங்குனி உத்திரத்தன்று காவடிகள் வந்து குவியும். அன்று கூட்டத்தில் பிள்ளைகளின் கையை விட்டுவிடாதீர்கள்.

படிக்கிற பிள்ளைகள் இருந்தால் புத்தகக் கண்காட்சியையும் மனதில் வையுங்கள். 1998ல் தொடங்கிய நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி வழக்கமாக ஜூலை மாதத்தில் நடந்து வந்திருக்கிறது. ஒரு மெல்லிய கதைப் புத்தகம் ஒரு பிளேட் பஜ்ஜி விலைக்குக் கிடைக்கும். பஜ்ஜி ஐந்து நிமிடத்தில் தீர்ந்து போகும்.

சங்கு ஊதினால் கூட்டம்

நெய்வேலியின் சாப்பாட்டுக் கடைகளை ஆட்டி வைப்பது கடிகாரம் அல்ல, ஷிப்ட்!

சுரங்கமும் மின் நிலையமும் இரவு பகல் ஓய்வதில்லை. ஒரு கூட்டம் வேலை முடிந்து வெளியே வரும். ஒரு கூட்டம் உள்ளே போகும். அந்த நேரத்தில் மந்தாரக்குப்பம் கடைத் தெருவில் நடந்து பாருங்கள். டீ ஆற்றுகிறவருக்குக் கை ஓயாது. போண்டா சட்டியில் இருந்து தட்டுக்கு வருவதற்குள் காலியாகிவிடும்.

250 பேருக்கு மேல் வேலை செய்யும் சுரங்கத்தில் கான்டீன் இருக்க வேண்டும், அதில் லாபம் வைக்காமல் விற்க வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு சுரங்க விதிகள் சொல்கின்றன. உழைக்கிறவன் வயிறு காயக் கூடாது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. ஆனால், அந்தக் கான்டீன் தொழிலாளர்களுக்குத்தான். நமக்கு வெளியே உள்ள கடைகள்தான் கான்டீன்.

இந்தக் கடைகளில் ஒரு சௌகரியம் உண்டு. தினமும் அதே ஆட்கள் வருகிறார்கள். இன்று ஊசிப்போன சட்னி வைத்தால் நாளைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். ஆகவே, புது ஊரில் எந்தக் கடையில் சாப்பிடுவது என்று தெரியாவிட்டால், வேலைக்குப் போகிற ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே நம்பிப் போகலாம்.

அணையாத அடுப்பு

மதியம் ஆகிவிட்டது. இப்போது வடலூருக்குப் போவோம். நெய்வேலியில் இருந்து பஸ்சில் கொஞ்ச நேரம்தான்.

வடலூரில் ஒரு சாப்பாட்டுச் சாலை இருக்கிறது. விலைப் பட்டியல் கிடையாது. கல்லாப் பெட்டி முன்னால் நிற்க வேண்டாம். யார் வந்தாலும் சோறு. என்ன சாதி, என்ன மதம், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

அதுதான் வள்ளலார் ராமலிங்க அடிகள் ஏற்படுத்திய சத்திய தருமச்சாலை.

1867 மே 23ந் தேதி வள்ளலார் இங்கே அடுப்பை மூட்டினார். அன்று மூட்டிய அடுப்பு இன்று வரை அணையவில்லை! "அணையா அடுப்பு" என்றே அதற்குப் பெயர். 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம் உள்ள பெரிய அடுப்பு அது. எத்தனையோ பஞ்சம் வந்தது. இரண்டு உலக யுத்தம் வந்தது. வெள்ளைக்காரன் போனான். அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது.

வள்ளலார் 1823 அக்டோபர் 5ந் தேதி மருதூரில் பிறந்தவர். சென்னையில் வளர்ந்தவர். பசிதான் மனிதனுக்கு வருகிற துன்பங்களில் எல்லாம் பெரிய துன்பம் என்பது அவர் எண்ணம். பசித்தவனுக்குச் சோறு போடுவதே கடவுள் வழிபாடு என்று சொன்னார். பயிர் வாடி நின்றால்கூட மனம் பொறுக்காதவர் அவர். மனிதன் வாடினால் எப்படிப் பொறுப்பார்?

அவரிடம் பணம் இல்லை. நிலம் இல்லை. பிறகு எப்படித் தருமச்சாலை கட்ட முடிந்தது?

பார்வதிபுரம் கிராமத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள். 80 காணி! இன்றைய கணக்கில் நூறு ஏக்கருக்கும் மேல். யாரோ ஒரு மகாராஜா கொடுத்தது அல்ல. உழுது பிழைக்கிற ஊர்க்காரர்கள் கூடிக் கொடுத்தது.

சோறு போட ஊர்க்காரர்கள் 1867ல் நிலம் கொடுத்தார்கள். சில மைல் தூரத்தில், இருபதாம் நூற்றாண்டில், கரி எடுக்கவும் நிலம் போயிற்று. இந்தச் சீமையில் எரிகிற இரண்டு பெரிய அடுப்புகளுக்கும் அடியில் இருப்பது குடியானவர்களின் மண்.

ஓசிச் சோறா?

சிலருக்குத் தயக்கம் வரும்.

"நாம் என்ன பிச்சைக்காரர்களா? ஓசிச் சோற்றுக்குப் போவதா?" என்று அப்பா முணுமுணுப்பார். கையில் காசு குறைவாக இருக்கிறவருக்குத்தான் இந்தக் கூச்சம் அதிகம். பணக்காரர் காரில் வந்து இறங்கி, பந்தியில் உட்கார்ந்து, "பிரசாதம்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போவார். ஏழைக்குத்தான் தொண்டையில் இறங்காது!

தயங்க வேண்டாம். இந்தச் சாலையில் இரண்டு வரிசை கிடையாது. காரில் வந்தவரும் நடந்து வந்தவரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். ஒரே சோறு. ஒரே குழம்பு. கூச்சமே வரக் கூடாது என்றுதான் யாரையும் எதுவும் கேட்பதில்லை என்ற முறை வைத்திருக்கிறார்கள்.

அப்படியும் மனம் ஒப்பவில்லையா? அதற்கும் வழி உண்டு. வீட்டில் இருந்து கிளம்பும்போது அம்மா ஒரு படி அரிசியைத் துணியில் முடிந்து எடுத்துக்கொள்ளட்டும். தருமச்சாலையில் கொடுத்துவிடுங்கள். ஊர் ஊராக மக்கள் இப்படிக் கொடுக்கிற அரிசியும் காய்கறியும்தான் அந்த அடுப்பில் வேகின்றன. அன்று உங்கள் வீட்டு அரிசியை யார் சாப்பிட்டார்களோ! அது உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்: வேண்டிய அளவு கேட்டு வாங்கு, ஒரு பருக்கை கூட வீணாக்காதே.

சாப்பிட்ட பிறகு பக்கத்திலேயே சத்திய ஞான சபை. எண்கோண வடிவக் கட்டடம். 1872 ஜனவரி 25ந் தேதி, தைப்பூசத்தன்று, இங்கே வழிபாடு தொடங்கியது. உள்ளே சிலை இல்லை. ஜோதிதான் தெய்வம். அதற்கு முன்னால் கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என்று ஏழு நிறத் திரைகள். தைப்பூசத்தன்று ஏழு திரைகளையும் விலக்கி ஜோதி காட்டுவார்கள். அன்று வடலூரில் கால் வைக்க இடம் இருக்காது. கைக்குழந்தையோடு வருகிறவர்கள் சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் வருவதே நல்லது. சபையைச் சுற்றிப் பெரிய வெட்டவெளி இருக்கிறது. பிள்ளைகள் ஓடி விளையாடலாம். அம்மா கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்காரலாம். அம்மாவுக்கு வாரத்தில் அப்படி ஒரு பகல் கிடைப்பதே அபூர்வம்.

சட்டைப் பையில் இன்னும் 136 ரூபாய் அப்படியே இருக்கிறது!

பலாச்சுளையும் முந்திரியும்

பண்ருட்டிப் பலா பெயர் பெற்றது. கோடைக் காலத்தில் பண்ருட்டியில் இருந்து வடலூர் வரை சாலை ஓரத்தில் பலாப்பழங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். முழுப் பழம் வாங்கினால் பஸ்சில் தூக்கிக்கொண்டு ஏறுவது பெரிய பாடு. சுளையாக வாங்கிக்கொள்ளுங்கள். கொட்டைகளை எறிந்துவிடாதீர்கள். சுட்டுத் தின்னலாம், குழம்பிலும் போடலாம்.

முந்திரி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். முழுப் பருப்புக்குத்தான் விலை அதிகம். பாதியாகப் பிளந்தது அதைவிட மலிவு. தூளாக உடைந்தது இன்னும் மலிவு. மூன்றும் ஒரே மரத்துப் பருப்புதான். பாயசத்தில் போடும் அம்மா எப்படியும் உடைத்துத்தானே போடப் போகிறாள்! பிறகு முழுசுக்கு எதற்காகக் கூடுதல் காசு?

முந்திரிப் பழம் கிடைத்தால் உப்பு தொட்டுத் தின்று பாருங்கள். தொண்டையைக் கொஞ்சம் பிடிக்கும். சாறு சட்டையில் பட்டால் கறை போகாது. அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஞாயிறு: விருத்தாசலம்

அடுத்த முறை மேற்குப் பக்கம் போகலாம். விருத்தாசலத்தில் விருத்தகிரீசுவரர் கோவில். இங்கே எல்லாம் ஐந்து. கோபுரம் ஐந்து. பிரகாரம் ஐந்து. தீர்த்தம் ஐந்து. தேரும் ஐந்து. பிள்ளைகளை எண்ணச் சொல்லிவிட்டால் பொழுது போவதே தெரியாது. ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்கப் படி இறங்கிப் போக வேண்டும். பக்கத்தில் மணிமுத்தாறு. சுந்தரர் பொன்னை இந்த ஆற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம்.

ஊருக்குச் சிறிது வெளியே மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோவில். இங்கே முருகனுக்குக் கோரிக்கை வைக்கும் முறையே தனி. வெள்ளைத் தாளில் குறையை எழுதி, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிடுகிறார்கள். இதற்குப் "பிராது கட்டுவது" என்று பெயர். கடன் வாங்கியவன் திருப்பித் தரவில்லை, மாடு காணாமல் போய்விட்டது, மகன் சொல் கேட்கவில்லை... எதற்கும் பிராது உண்டு. காரியம் முடிந்ததும் வந்து, கோர்ட்டில் வழக்கை வாபஸ் வாங்குவது போலப் பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் முன்பெல்லாம் யாரையாவது கெஞ்சுவார்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிற மகளே எழுதித் தந்துவிடுகிறாள்.

டீக்கடைப் பெஞ்சில் ஒரு பேச்சு

இந்தப் பக்கத்து டீக்கடைகளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் சினிமாப் பேச்சு கேட்கும். அரசியல் பேச்சு கேட்கும். கடைசியில் பேச்சு நிலத்தில் வந்து நிற்கும்.

சுரங்கம் விரிந்துகொண்டே போகிறது. பல கிராமங்கள் ஏற்கனவே இடம் பெயர்ந்துவிட்டன. கிணற்றுத் தண்ணீர் கீழே போய்விட்டது என்பது இந்தப் பக்கத்து விவசாயிகளின் நெடுநாள் குறை. அதே சமயம், சுரங்கத்தில் இருந்து இறைத்து வெளியே விடும் தண்ணீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் வயல்களில் பாய்கிறது என்பதும் உண்மை. ஒரே சுரங்கம் ஒருவர் கிணற்றை வற்ற வைக்கிறது. இன்னொருவர் வயலை நனைக்கிறது!

2023 ஜூலை மாதம் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்டினார்கள். நெற்பயிர் நின்ற வயலிலேயே இயந்திரங்கள் இறங்கின. அந்த நிலத்தை எப்போதோ வாங்கியாகிவிட்டது என்றது நிறுவனம். கண் முன்னே பச்சைப் பயிர் மண்ணில் புதைவதைப் பார்த்த விவசாயிகள் கதறினார்கள். வழக்கு சென்னை ஐகோர்ட்டுக்குப் போயிற்று. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிட்டது.

பத்து ரூபாய்க்கு இட்லி கிடைக்கிறது என்று நாம் சந்தோஷப்படுகிறோம். அந்த அரிசி விளைகிற வயல்தான் அடுத்து எத்தனை நாளைக்கு இருக்கும் என்று கம்மாபுரம் பக்கத்து உழவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். வேலை வேண்டும், மின்சாரம் வேண்டும், நெல்லும் வேண்டும். நிலம் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு நிரந்தர வேலை என்ற கேள்வி டீக்கடைப் பெஞ்சில் இன்னும் தீராமல்தான் இருக்கிறது. பேசுகிறவர்கள் டீயை ஆறவிட்டுவிட்டுப் பேசுகிறார்கள்.

இரவுப் பரோட்டா

இருட்டிவிட்டது. நெய்வேலி விளக்குகள் வரிசையாக எரிகின்றன.

மந்தாரக்குப்பத்தில் இரவு ஷிப்ட் ஆட்களுக்காகப் பரோட்டாக் கல் சூடாகிவிட்டது. "டக டக" என்று கொத்துப் பரோட்டாச் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். மைதா மாவுப் பண்டம் தினமும் பிள்ளைகளுக்கு ஆகாது. ஆனால், என்றோ ஒரு நாள், சால்னா ஊற்றிச் சாப்பிடும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு பரோட்டா. அப்பா அம்மாவுக்கு இட்லியே போதும். கையில் உள்ள 136 ரூபாய்க்குள் அடக்கிவிடலாம். பலாச்சுளையில் ஆசையாகக் கூடுதலாகச் செலவு செய்திருந்தால், அப்பா ஒரு இட்லி குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். எப்போதும் அவர்தானே குறைத்துக்கொள்கிறார்!

சாப்பிட உட்காரும் முன்பு ஒரு காரியம். ஊருக்குப் போகும் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கண்டக்டரிடம் கேட்டு வைத்திருக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் ஆட்டோவுக்குத்தான் போக வேண்டும். காலையில் இருந்து எண்ணி எண்ணிச் சேர்த்து வைத்த காசு முழுவதும் அந்த ஒரு சவாரிக்கே போய்விடும்.